திருவொற்றியூரில் நின்ற எங்கள் பெட்டி

எனக்குத் தெரிந்த தமிழ் சென்னையில் பாதிதான் செல்லும் என்பதை முதல் நாள் காலையிலேயே தெரிந்துகொண்டேன். ராயபுரத்தில் நான் தங்கிய விடுதியின் வாசலில் ஓர் அம்மாள் தள்ளுவண்டியில் இட்லி விற்றுக்கொண்டிருந்தார். “பசியாற என்ன இருக்கும்மா?” என்று கேட்டேன். எங்கள் பட்டர்வொர்த்தில் காலையில் சாப்பிடுவதைப் பசியாறுவது என்றுதான் சொல்வோம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இட்லி கீது, வடகறி கீது. அந்த ஸ்டூல்ல குந்தி துண்ணு. எந்தூரு உனுக்கு?”

“மலேசியா.”

“மலேசியாவா! எங்க மாமா பொண்ணு ரோசி அங்கதான் கீறா. தெரியுமா உனுக்கு?”

தெரியாது என்றேன். அவ்வளவு பெரிய ஊரில் ரோசியைத் தெரியாமல் இருக்கிறேனே என்று அவருக்கு வருத்தம். இருந்தாலும் வடகறி இன்னொரு கரண்டி ஊற்றினார். கடலைப்பருப்பை அரைத்து, வேக வைத்து, உதிர்த்துப் போட்ட குழம்பு. பட்டை வாசனை. எங்கள் ஊரில் பரோட்டா போன்ற ரொட்டி சானாய்க்குக் கொடுக்கும் பருப்புக் கறியை இனி நான் பெரிதாகப் பேச மாட்டேன்.

நான் ஊர் சுற்ற வரவில்லை. பட்டர்வொர்த்தில் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் இருபத்திரண்டு வருடமாக எடைமேடையில் வேலை பார்க்கிறேன். லாரி ஏறும், எடை பார்ப்பேன், எந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்று நோட்டில் எழுதுவேன். ஒவ்வொரு இடத்துச் சரக்குக்கும் ஒரு நிறச் சாக்பீஸால் கோடு போடுவேன். அது யாரும் சொல்லித் தந்த முறை இல்லை. மறதிக்குப் பயந்து நானே வைத்துக்கொண்ட வழக்கம்.

எங்கள் கிடங்கிலிருந்து சென்னைக்கு அனுப்பிய ஒரு கன்டெய்னர், துறைமுகத்தை விட்டு வெளியே வரும் வழியில் கதிர்வீச்சு மணியை அடித்துவிட்டது. பெட்டியைத் திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் தனியாக நிறுத்தி, சுற்றிலும் மஞ்சள் கயிறு கட்டிவிட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும், அனுப்பியவர்கள் தரப்பில் ஒருவர் நேரில் வர வேண்டும் என்று கடிதம் வந்தது. எங்கள் தவுக்கே சீனர். முதலாளியை அப்படித்தான் அழைப்போம். அவருக்குத் தமிழ் தெரியாது, முட்டியும் சரியில்லை. “நீ போ. நோட்டு உன்னுடையது,” என்றார்.

நான் ஒப்புக்கொண்டது அதற்காக இல்லை. அந்தப் பெட்டிக்கான இரும்பை வெட்டி, அடுக்கி, ஏற்றியது என் தம்பி சேகர். கடிதம் வந்த அன்று மாலையே அவன் ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு கிடங்கின் சாமான் அறைக்குப் போய்விட்டான். வீட்டில் அவன் மனைவி பவானியும் எட்டு மாதக் குழந்தை யாழினியும். பன்னிரண்டு வருடம் காத்திருந்து பிறந்த பிள்ளை. ஒன்பது நாளாக அவன் குழந்தையைத் தொடவில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறான். “என் மேல என்ன ஒட்டியிருக்குன்னு தெரியலையேக்கா,” என்று மட்டும்தான் சொன்னான்.

வடகறி சாப்பிட்ட கையோடு பவானியைக் காணொளியில் அழைத்தேன். தொட்டிலில் குழந்தை காலை உதைத்துக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் பித்தளை வளையம் போட்ட பழைய கப்பல் மீட்டர் ஒன்று வெயிலில் மின்னியது. “அப்பா எப்ப வருவாங்கன்னு கேளு அத்தைக்கிட்ட,” என்று பவானி குழந்தையிடம் சொன்னாள். நான் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் ராயபுரத்தில் ரயில் ஏறினேன். வண்ணாரப்பேட்டை தாண்டியதும் கொருக்குப்பேட்டைக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. பக்கத்துத் தண்டவாளத்தில் கரி ஏற்றிய சரக்கு வண்டி ஒன்று போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. எங்கள் ஊரில் ரயில் ஐந்து நிமிடம் நின்றால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே எதிரில் இருந்த மீன்கூடைக்காரப் பெண்மணி முந்தானையால் விசிறிக்கொண்டு தன் தோழியிடம் சொன்னார்: “கரிக்கு குடுக்குற மருவாதி மன்சனுக்கு இல்லடி. நம்ம கூடையில கரிய கொட்டிக்கினா நம்மளையும் ஜல்தியா வுட்டுருவான்.” ரயில் பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

திருவொற்றியூர்க் கிடங்கு வாசலில் ஒரு வெள்ளைக் காரின் பானெட்டில் சாய்ந்தபடி பிலோமினா நின்றிருந்தார். கதிர்வீச்சு அளக்க நியமித்திருந்த நிபுணர் அவர்தான். கண்ணாடி போட்ட, சுருள்முடி வெள்ளைக்காரர் ஒருவரை நான் மனத்தில் வைத்திருந்தேன். இவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. ராயபுரத்துக்காரர், அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இயற்பியலில் பெரிய பட்டம் வாங்கியிருக்கிறார் என்று கடிதத்தில் இருந்தது. பேச்சில் அதற்கு அறிகுறியே இல்லை.

“நீதானாக்கா மலேசியா? குள்ளமா கீறியே! நோட்டு எடுத்தாந்தியா? சொம்மா கேட்டேன், மொறைக்காத.”

நான் முறைக்கவில்லை. புதியவர்கள் பேசினால் என் முகம் அப்படித்தான் ஆகிவிடும்.

அவருடைய கருவி துணி தேய்க்கும் பெட்டி அளவு, மேலே கைப்பிடி, ஒரு சின்னத் திரை. அதைக் காருக்குள் வைத்து, பொத்தான் அளவு பிளாஸ்டிக் வில்லை ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். வில்லைக்குள் இருப்பது இன்னதென்று முன்பே தெரியுமாம். அதை வைத்துக் கருவியைச் சரி பார்க்கிறார். காருக்குள் அடுப்பு மாதிரி கொதித்தது. ஏன் உள்ளே கொண்டுபோய்ச் செய்யக் கூடாது என்று நினைத்தேன், கேட்கவில்லை. அவரே சொன்னார். இந்த மாதிரி வில்லையைக் கிடங்குக்குள் கொண்டுபோக வேண்டுமென்றால் பெரிய அலுவலகத்தில் கையெழுத்து வேண்டும். அதற்கு ஒரு வாரம் ஆகும். அதனால் இந்தப் பக்கத்து எல்லாக் கிடங்குகளிலும் அளப்பவர்களின் வழக்கம், வாசலில் காருக்குள்ளேயே சரி பார்த்து, வில்லையை டிரைவரிடம் விட்டுவிட்டு உள்ளே போவது.

உள்ளே போகும் சீட்டு மட்டும் சுலபமா? ஏசி அறையில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். என் பெயரை இரண்டு முறை தப்பாக எழுதினார்கள். வெளியே வந்தபோது கடல் பக்கத்திலிருந்து கறுத்து வந்து மழை கொட்டியது. ஐப்பசி மழை. ஒரு நிமிடத்தில் உடம்பு குளிர்ந்துவிட்டது.

மஞ்சள் கயிற்றுக்குள் எங்கள் நீலப் பெட்டி நின்றது. அதன் கதவில் சேகர் போட்ட பூட்டுக் கம்பி அப்படியே இருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு நான் தள்ளி நின்றேன். சரக்கு தூக்கும் வண்டி ஓட்டும் ஒடிசாக்காரர் இந்தியில் ஏதோ சொன்னார்.

“இந்த பொட்டி மேல ரெண்டு வாரமா ஒரு காக்கா கூட குந்தலன்னு சொல்றான்க்கா,” என்றார் பிலோமினா. “புளுகு. முந்தாநேத்து வந்தப்ப நானே பாத்தேன், மூணு குந்திகினு இருந்துச்சு.”

பெட்டியின் இடது பக்கம், கதவிலிருந்து நாலைந்து அடி உள்ளே, கருவி அதிகம் கத்தியது. அங்கேயே அதைப் பத்து நிமிடம் நிறுத்தினார். திரையில் புள்ளி புள்ளியாக ஒரு படம் எழுந்தது. தரை மாதிரி சமமாக இருந்து, ஓரிடத்தில் மட்டும் மலை.

“மீன் ஏலத்துல கண்ண மூடிக்கினு நின்னா கூட இது மேரி கொரலு, இது சாந்தா கொரலுன்னு நான் சொல்லிடுவேன். அது மாதிரிதான்க்கா இது. கதிர் வுடுற ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு கொரலு. எந்த எண்ணுல மலை நிக்குதோ அதான் அதோட பேரு.” எண்ணைப் பார்த்தார். அவர் குரல் இறங்கியது. “அறுநூத்தி அறுபத்திரெண்டு. சீசியம்.”

சீசியம் தொழிற்சாலைக் கருவிகளில் இரும்பு உறைக்குள் அடைத்து வைப்பது என்றும், உறை முழுசாக இருந்தால் எடுத்துவிடலாம், யாராவது காஸ் வைத்து வெட்டியிருந்தால் உள்ளே இருக்கும் தூள் பறந்திருக்கும் என்றும் விளக்கினார். எங்கள் கிடங்கில் காஸ் வைத்து வெட்டாத இரும்பு கிடையாது. வெட்டுவது சேகர்.

“ஆனா ஒண்ணு இடிக்குதுக்கா. சீசியம்னா ஒத்த மலைதான் நிக்கணும். இதுல இந்தாண்ட ரெண்டு குட்டி மேடு கீது. மெஷினு அதுக்கு பேரு சொல்ல மாட்டேங்குது.” அவர் அந்த மேடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மலை மட்டும்தான் தெரிந்தது.

விடுதிக்குத் திரும்பும் வழியில் ஷேர் ஆட்டோ தேரடிக்குப் பக்கத்தில் தண்ணீரில் நின்றுவிட்டது. டிரைவர் எங்கள் ஏழு பேரையும் இறங்கித் தள்ளச் சொன்னார். கணுக்காலளவு மழைத்தண்ணீரில் முன்பின் தெரியாத ஆட்களோடு தோள் கொடுத்துத் தள்ளினேன். “மலேசியாக்கா, அப்டிதான், அடி தூள்!” என்று டிரைவர் உற்சாகப்படுத்தினார். வேறொரு நாளாக இருந்தால் இதை ஊரில் போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

இரவு சேகரிடம் போனில் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவன், “பாப்பாவோட துணியெல்லாம் என் துணிகூட சேர்த்துத் துவைச்சிருக்கோமே,” என்றான்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பிலோமினா பூசை முடிந்து, பூப்போட்ட புடவையில் விடுதிக்கே வந்துவிட்டார். “ரூம்ல குந்தி அழுவாத. வா, அத்தோ துண்ணலாம்.”

பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் இங்கே விட்டுவைத்திருக்கும் உணவு அது. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் போட்டார் கடைக்காரர். கூடவே வாழைத்தண்டு சூப். எங்கள் ஊர் நூடுல்ஸ் பிரட்டலான மீ கோரேங்குக்கு இது ஒன்றுவிட்ட தங்கை. ஊரை விட்டு வந்த பிறகு முதல்முறையாக நாக்குக்கு வீட்டு ஞாபகம் வந்தது.

சாப்பிட்டுக்கொண்டே பிலோமினா அந்த இரண்டு மேடுகளைப் பற்றியே பேசினார். ராத்திரி தூங்கவில்லையாம். எனக்கும் ஒரு கேள்வி முதல் நாளிலிருந்து உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். அவர் படித்தவர். தட்டில் வெங்காயத்தை ஒதுக்கி ஒதுக்கி வைத்தேன். பிறகு எனக்கே கேட்காத குரலில் கேட்டேன்.

“மேடம், எங்க எடைமேடையில ஒரு வழக்கம் இருக்கு. ஐந்நூறு கிலோ கட்டி ஒன்னு வச்சிருக்கோம். காலையில ஒரு தடவை அதை ஏத்திப் பார்ப்போம். வெயில் ஏறினதும் திரும்ப பார்ப்போம். மழை பெஞ்சா இன்னொரு தடவை. ஏன்னா சூடு மாறினா எடையும் மாறிக் காட்டும். நீங்க அந்த வில்லையை… மழைக்குப் பிறகு திரும்ப வைக்கலையே?”

பிலோமினாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. கடைக்காரர், “இன்னாம்மா, காரமா?” என்றார்.

“யக்கா,” என்றார் பிலோமினா மெதுவாக. “கார் உள்ள கொதிச்சிகினு கெடந்தப்ப சரி பாத்தேன். அப்பால மூணு மணி நேரம் ஏசி. அப்பால மழை. மெஷினு உள்ள ஒரு கல்லு கீது. அது சூட்டுல மங்கலா மின்னும், குளுந்துச்சுன்னா பளிச்சுன்னு மின்னும். பளிச்சுன்னு மின்னுனா எண்ண ஏத்திதான் காட்டும். புது மெஷினுங்க தானா சரி பண்ணிக்கும். இது பழசு.” கையைத் தட்டில் உதறினார். “ஏறிப் போயி அறுநூத்தி அறுபத்திரெண்டுல நின்னுதுன்னா, நெஜ எண்ணு கீழ கீது. நான் ஒரு கூமுட்டை.”

“நீங்க என்ன செய்வீங்க, வில்லையை உள்ள விட மாட்டாங்களே.”

“வுட மாட்டான். ஆனா மேன்டிலை வுடுவான்.”

காஸ் விளக்கில் திரிக்குப் பதிலாகக் கட்டும் சின்ன வலைப்பை. ராயபுரத்தில் படகுச் சாமான் விற்கும் ஒரு கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். கயிறு, வலை, மிதவை, பெயின்ட் வாசனை. பழைய காலத்து மேன்டில்களில் தோரியம் போட்டிருப்பார்களாம். அதுவும் ஒரு தெரிந்த குரல்தான், கடையில் விற்பதால் அதற்குக் கையெழுத்து வேண்டாம். கடைக்காரர் பரணிலிருந்து தூசி படிந்த டப்பாவை இறக்கினார்.

“யாரு கேக்குறா இத? எல்லாம் பேட்டரி லைட்டு ஆயிட்ச்சி.”

பிலோமினா பையிலிருந்து கருவியை எடுத்து ஒவ்வொரு பாக்கெட்டாகக் காட்டினார். புதிய பாக்கெட்டுகள் ஊமை. அடியில் இருந்த மங்கிய பாக்கெட்டைக் காட்டியதும் கருவி கடகடவென்று கத்தியது. கடைக்காரர் இரண்டடி பின்னால் போனார்.

“ஏம்மா, இத்த தலைமாட்டுக்கு மேல வெச்சிகினு முப்பது வருசமா மத்தியானம் தூங்குறேன்!”

“அதான் நல்லா கீறியே நைனா. ஒண்ணும் ஆவாது. இத்த தூளாக்கி மூக்குல இழுத்தாதான் வம்பு. வேற பழசு கீதா?”

திங்கட்கிழமை வாசலில் காவலர் மேன்டிலைத் தூக்கிப் பார்த்தார். “இன்னாது இது? லைட்டுக்கா? பட்டப்பகல்லயா?” என்று கேட்டு, தலையை ஆட்டிவிட்டு உள்ளே விட்டார். சீட்டு வாங்க அன்றும் மூன்று மணி நேரம். ஆனால் இந்த முறை பிலோமினா அவசரப்படவில்லை. கருவியைப் பெட்டியின் நிழலில் அரை மணி நேரம் சும்மா வைத்து, காற்றின் சூட்டுக்குப் பழகவிட்டார். மேன்டிலை வைத்துச் சரி பார்த்தார். தோரியம் நிற்க வேண்டிய இடத்தில் நின்றதும் மேன்டிலைத் தூரமாக அனுப்பிவிட்டு, கருவியை எங்கள் பெட்டியின் பக்கவாட்டில் வைத்தார்.

பத்து நிமிடம். நான் கயிற்றுக்கு வெளியே பையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஆலைப் புகை வாசனையும் உப்புக் காற்றும் மாறி மாறி வந்தன.

“யக்கா, இங்க வா. பாரு. முந்தாநேத்து மலை எறங்கி அறுநூத்தி ஒம்போதுல நிக்குது. குட்டி மேடு ரெண்டும் முந்நூத்தி அம்பத்திரெண்டு, எரநூத்தி தொண்ணூத்தி அஞ்சு. மூணும் ஒரே வூட்டு புள்ளைங்க. சீசியம் இல்ல. ரேடியம்.”

“அது நல்லதா?”

“நல்லது கெட்டது அப்பால. மொதல்ல பேரு தெரிஞ்சிட்ச்சில்ல? ரேடியம்னா நான் மொதல்ல தேடுறது பழைய மீட்டரு. அந்த காலத்துல கப்பல்லயும் ஏரோப்ளேன்லயும் இருட்டுல எண்ணு தெரியணும்னு ரேடியம் கலந்த பெயின்ட்டாலதான் எழுதுவான். பளபளப்பு செத்துடும், ரேடியம் சாவாது. உன் நோட்டுல கப்பல் சாமான் எதுனா கீதா?”

நோட்டைப் பிரித்தேன். கதவிலிருந்து இரண்டாவது அடுக்கு, இடது பக்கம், நீலச் சாக்பீஸ்: உடைத்த பழைய இழுவைப் படகின் சரக்கு. அதில் ஒரு வரியில் என் விரல் நின்றது. ஓட்டுநர் அறைப் பலகை ஒன்று, மீட்டர்களோடு, வெட்டாமல் முழுசாக. கண்ணாடி இருக்கும் சாமானை உடைத்துத்தான் ஏற்ற வேண்டும் என்பது விதி. சேகர் அன்று உடைக்கவில்லை. அழகாக இருக்கிறது, மனசு வரவில்லை என்றான். நானும் விட்டுவிட்டேன். இதை அவரிடம் சொன்னேன்.

“வெட்டலயா? கண்ணாடி முழுசா கீதா?” பிலோமினா என் தோளைத் தட்டிய தட்டு இன்றும் வலிக்கிறது. “உன் தம்பி சோம்பேறின்னா அந்த சோம்பேறித்தனத்துக்கு கோயில் கட்டு!”

அடுத்த நாள் பெட்டியைத் திறந்தார்கள். எல்லாருக்கும் முகமூடி, கையுறை. சரக்கு தூக்கும் வண்டி ஒவ்வொரு கட்டாக இறக்கியது. பச்சைக் கோடு, பச்சைக் கோடு, பிறகு என் நீலக் கோடு. நான் கிறுக்கிய கோட்டை இத்தனை தூரத்தில், இத்தனை பேர் நடுவில் பார்த்தபோது கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது. இரண்டு குழாய்களுக்கு நடுவில் அந்தப் பலகை சாய்ந்து கிடந்தது. கருவி அதைப் பார்த்துக் கத்தியது. கறுப்பு முகமும் பழுப்பேறிய எண்களுமாக வட்ட மீட்டர்கள். ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

“ஸோக்கா கீது,” என்று குனிந்தார் பிலோமினா. பிறகு நிமிர்ந்தார். “யக்கா. ஓட்டை அஞ்சு. மீட்டரு நாலு.”

ஐந்தாவது ஓட்டையின் விளிம்பில் திருகாணி கழற்றிய தடம் புதிதாக மின்னியது.

“உன்கிட்ட வரும்போதே நாலுதானா?”

நோட்டு என் கையில் மூடியிருந்தது. உள்ளே என் கையெழுத்தில் ‘5 மீட்டர்’ என்று இருந்தது. எங்கள் கிடங்கில் ஒரு திருகாணியை வீட்டுக்குக் கொண்டுபோனாலும் வேலை போகும். ஒரு பித்தளைக் குழாய்க்காகப் பதினைந்து வருடம் வேலை செய்தவரைத் தவுக்கே அன்றே அனுப்பியிருக்கிறார். ஆமாம், நாலுதான் என்று சொன்னால் முடிந்தது. யாரும் கேட்கப் போவதில்லை.

ஆனால் அந்த மீட்டரை நான் நாலு நாளுக்கு முன் காணொளியில் பார்த்தேன். பித்தளை வளையம் வெயிலில் மின்னியது. தம்பி தன்னிடமிருந்து குழந்தையைக் காப்பாற்றச் சாமான் அறையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறான். அவன் மாட்டிய மீட்டர் குழந்தையின் தொட்டிலைப் பார்த்தபடி சுவரில் இருக்கிறது.

“அஞ்சு,” என்றேன். “அஞ்சாவது எங்க தம்பி வீட்டுல இருக்கு. பாப்பா ரூம்ல. அவன் எடுத்துட்டுப் போனதை நான் பார்த்தேன். பார்த்தும் பேசாம இருந்தேன்.”

 பிலோமினா உடனே கேட்டார். “தொட்டிலுக்கும் அதுக்கும் எத்தினி அடி?”

“எதிர்ச் சுவர். பத்து அடி இருக்கும்.”

“எத்தினி மாசமா?”

“மூணு.”

அவர் பலகையிலிருந்து ஒரு மீட்டரைக் கழற்றி, தூரமாகக் கொண்டுபோய்த் தரையில் வைத்தார். இன்னொரு சின்ன அளவுமானியை என் கையில் கொடுத்தார். “நான் சொன்னா ஆறுதலுக்கு சொல்றேன்னு நெனைப்ப. நீயே பாரு. கண்ணாடிகிட்ட வெய்யி.”

வைத்தேன். எண் விறுவிறுவென்று ஏறியது. 

“இப்ப எண்ணிக்கினே பின்னால நட.”

ஓரடி வைத்தேன். எண் பாதிக்கும் கீழே விழுந்தது. இரண்டு. மூன்று. விழுந்துகொண்டே வந்தது. ஐந்தாவது அடியில் சின்ன எண்ணாகிவிட்டது. எட்டு, ஒன்பது, பத்து. நின்றேன்.

“இன்னா காட்டுது?”

சொன்னேன்.

“இப்ப கேட்டாண்ட போயி பாத்துட்டு வா. இது எதுவும் இல்லாத எடத்துல.”

வாசல் வரை நடந்தேன். காவலரின் நாற்காலிக்குப் பக்கத்தில், புளியமர நிழலில் பார்த்தேன். அதே எண். சற்று நேரம் அங்கேயே நின்று மறுபடி பார்த்தேன். எடைமேடையில் உட்கார்ந்திருப்பவளுக்கு எண்ணை இரண்டு முறை பார்க்காமல் நம்பத் தெரியாது. அதே எண்தான்.

“பூமியில கீறதே அவ்ளோதான்க்கா,” என்றார் பிலோமினா. “பத்தடி தூரத்துல பாப்பாக்கு அதால ஒண்ணும் சேரல. ஆனா இனிமே அது அங்க இருக்க கூடாது. கண்ணாடி ஒடைஞ்சா உள்ள கீற தூசி வெளிய வரும், அது ஆபத்து. போன போடு.”

பவானி எடுத்தாள். பிலோமினா கைப்பேசியை வாங்கிக்கொண்டார். “தங்கச்சி, பேஜாராவாத. செவுத்துல ஒரு மீட்டரு மாட்டிகினு கீதுல்ல, அத்த தொடாத. மொதல்ல புள்ளைய தூக்கினு அந்தாண்ட போ.”

“அண்ணி,” என்றாள் பவானி என்னிடம் கலக்கத்தோடு, “அவங்க என்ன மொழி பேசுறாங்க?”

தமிழிலிருந்து தமிழுக்கு நான் மொழிபெயர்த்தேன். பவானி குழந்தையோடு அடுத்த வீட்டுக்குப் போனாள். சேகர் சாமான் அறையிலிருந்து ஓடி வந்தான். கையுறை, முகமூடி. கண்ணாடியைத் தட்டாமல் கழற்றி, கெட்டித் துணியில் சுற்றி, மூடியுள்ள வாளியில் வைத்து, தோட்டத்துக் கடைசிக் கொட்டகையில் பூட்டினான். அங்குள்ள அரசாங்க அலுவலகம் வந்து எடுத்துக்கொள்ளும் வரை யாரும் கிட்டே போகக் கூடாது. நாலு மீட்டர்களை இங்கே பிலோமினா கனமான பெட்டியில் அடைத்து முத்திரை வைத்தார். எங்கள் மீதி இரும்பு முழுவதையும் கருவியால் தடவிப் பார்த்தார். சுத்தம்.

தவுக்கேயிடம் ஐந்தாவது மீட்டரைப் பற்றி நானே சொல்லப் போகிறேன். நோட்டையும் கொண்டுபோவேன். என்ன சொல்வார் என்று தெரியாது. பதினைந்து வருடக்காரரை அனுப்பியவர், இருபத்திரண்டு வருடக்காரியையும் அனுப்பலாம். கேட்டால் கிடங்கு வாசலில் ஓர் அளவுமானி வாங்கி வைக்கச் சொல்வேன். அதைக் காலையிலும் வெயில் ஏறியதும் மழைக்குப் பிறகும் சரி பார்க்க எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் திருவொற்றியூர் ரயில் நிலையத்தில் பிலோமினாவோடு நின்றிருந்தேன். ரயில் வழக்கம்போல் தாமதம். எங்கோ கரி வண்டி போய்க்கொண்டிருந்தது. சேகர் காணொளியில் வந்தான். தலைமுடி ஈரமாக இருந்தது. மூன்று முறை குளித்தானாம். வீட்டு வாசலில், வேலிக்கு அந்தப் பக்கம்தான் இன்னும் நின்றான். உள்ளே பவானியின் இடுப்பில் குழந்தை அவனைப் பார்த்துக் கையை நீட்டியது.

“அக்கா,” என்றான். “அவங்ககிட்ட கேளு. நான் தூக்கலாமா?”

நான் பிலோமினாவைப் பார்த்தேன். “தூக்கலாமான்னு கேக்கிறான்.”

“கண்ணாடி முழுசா கீது. அவன் கை பட்டது பித்தளை மேலதான். நாளைக்கே ஆஸ்பத்திரியில ஒரு தபா டெஸ்ட் எடுத்துக்க சொல்லு, மனசுக்கு நிம்மதி.” பிறகு என் கைப்பேசியைப் பறித்துக்கொண்டார். “தம்பி! பதிமூணு நாளா அந்த புள்ள கைய நீட்டிகினு கீது. இன்னும் இன்னா கேட்டுகினு நிக்கிற? தூக்குப்பா!”

இந்த முறை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சேகர் வேலிக் கதவைத் திறந்தான். கைப்பேசியை எங்கேயோ வைத்துவிட்டான் போலிருக்கிறது, திரையில் வெறும் வானம் தெரிந்தது. அவன் அழும் சத்தமும், அப்பாவின் மூக்கைப் பிடித்து இழுக்கும்போது மட்டும் யாழினி போடும் அந்தக் கூச்சலும் கேட்டன. பக்கத்தில் நின்ற மீன்கூடைக்காரப் பெண்கள் என்னவென்று எட்டிப் பார்த்தார்கள்.

“ஒண்ணும் இல்லக்கா,” என்றேன் அவர்களிடம், யாரும் கேட்காமல், நானாகவே. “எங்க பாப்பா.”